அணைக்க மறந்த இண்டிகேட்டர்: 1965 ஹெரால்டில் பஸ்ஸர் வைக்கலாமா?

கோவைப் பக்கத்திலிருந்து 67 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரிடம் 1965-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. மாமனார் புதிதாக வாங்கி, பின்னர் இவர் கைக்கு வந்த வண்டி. காட்சிக்கு நிறுத்தி வைக்கவில்லை. சந்தை, கோயில், நண்பர் வீடு என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டுகிறார். சென்ற மாதம் அவிநாசி சாலையில் இடது ஓரத்துக்கு மாறுவதற்காக இண்டிகேட்டர் போட்டவர், அதை அணைக்க மறந்து ஏறக்குறைய 3 கி.மீ. போயிருக்கிறார். இடப்பக்கச் சந்து ஒன்றில் காத்திருந்த ஸ்கூட்டர் பெண், கார் சந்துக்குள்தான் திரும்பப்போகிறது என்று நம்பி பிரதான சாலையில் ஏறிவிட்டார். இவர் பிரேக்கை முழுதாக அழுத்தியதால் யாருக்கும் அடி இல்லை. பக்கத்தில் இருந்த மகள் அன்று மாலையே, "அப்பா, இனிமே இந்த வண்டிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்பது இவைதான். இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருப்பதை நினைவூட்ட ஒரு பஸ்ஸர் வைக்க முடியுமா? மெக்கானிக் "எல்லா பல்பையும் எல்.இ.டி. ஆக்கிட்டு பைக் பஸ்ஸர் ஒண்ணு மாட்டிடலாம்" என்கிறார், அது சரியா? பழைய காரில் எதை மாற்றினாலும் சட்டவிரோதம் என்று படித்தேன், உண்மையா? விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையாமே? கடைசியாக ஒரு வரி: "முன்பு டிக் டிக் என்று கேட்கும், இப்போது கேட்பதே இல்லை. பிளாஷர் போய்விட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா தெரியவில்லை." (பிளாஷர் என்பது இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் சிறு கருவி.)

ஐயா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்தக் கடைசி வரிதான். பஸ்ஸர் வைக்கலாம். சட்டத்தில் தடையில்லை, செலவும் அதிகமில்லை, வண்டியில் ஒரு துளைகூடப் போடாமல் முடியும். ஆனால் எந்த பஸ்ஸர், எங்கே, எந்தச் சத்தத்தில் என்பதெல்லாம் அந்தக் கடைசிக் கேள்விக்கான விடையைப் பொறுத்தவை. அதனால் வரிசையை மாற்றி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அன்று நடந்ததைப் பார்ப்போம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 3 கி.மீ. போக மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நிமிடத்துக்கு 90 முறை மினுக்கும் இண்டிகேட்டர் அதற்குள் முந்நூறு தடவைக்கு மேல் மினுக்கியிருக்கும். அத்தனை முறையும் உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் அது எட்டவில்லை. இதை மறதி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓரம் மாறும்போது ஸ்டீயரிங்கைச் சில டிகிரிதான் திருப்புகிறோம். இண்டிகேட்டர் கைப்பிடியைத் தானாகத் திருப்பிவிடும் அமைப்பு, ஸ்டீயரிங் நன்றாகத் திரும்பி மீண்டும் நேராகும்போதுதான் வேலை செய்யும். அமெரிக்காவில் 1940 மாடல் பியூக் கார்களிலேயே இப்படித் தானாக அணையும் வசதி வந்துவிட்டது. இன்றைக்கு ஷோரூமிலிருந்து வரும் காரிலும் ஓரம் மாறும்போது அந்த வசதி கைகொடுக்காது. அதனால்தான் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில், இண்டிகேட்டர் அணையாமல் முக்கால் மைல் அளவு போனால் மணி அடிக்கும்படி வைத்தார்கள். இளம் ஓட்டுநர்களும் மறக்கிறார்கள் என்று தெரிந்ததால் வந்த ஏற்பாடு அது.

நம் சாலைகளில் அணையாத இண்டிகேட்டரின் ஆபத்து இன்னும் கூடுதல். நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்கள் வலது இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வருபவருக்கு 'முந்திப் போகலாம்' என்று காட்டும் பழக்கம் உங்களுக்குத் தெரியும். உங்கள் வலது விளக்கு அணையாமல் எரிந்தால் பின்னால் வரும் ஒருவர் நீங்கள் திரும்பப்போகிறீர்கள் என்று நினைப்பார், இன்னொருவர் வழிவிடுகிறீர்கள் என்று நினைப்பார். இரண்டு பேரும் ஏமாறுவார்கள். நீங்கள் இதைச் சின்ன விஷயமாகத் தள்ளாமல் உட்கார்ந்து கடிதம் எழுதியது சரியான செயல்.

டிக் டிக் எங்கே போனது?

ஹெரால்டு போன்ற அந்தக்கால பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் இருந்த பிளாஷர், ஒரு சிறிய அலுமினிய டப்பா. லூகாஸ் எஃப்.எல்.5 வகை என்றால் அடியில் மூன்று முனைகள் இருக்கும்: ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, ஒன்று விளக்குகளுக்குப் போவது, மூன்றாவது டேஷ்போர்டில் இண்டிகேட்டரோடு சேர்ந்து மினுக்கும் சிறு பைலட் விளக்குக்கு. உள்ளே மெல்லிய கம்பி ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகி நீளும், தொடர்பு மூடும், விளக்கு எரியும். கம்பி குளிர்ந்தால் சுருங்கி தொடர்பைப் பிரிக்கும். நீங்கள் கேட்ட டிக் டிக் இதுதான். புதிதாக இருந்தபோதும் அது பெரிய சத்தம் இல்லை.

இந்த டப்பா வேலை செய்வது விளக்குகள் இழுக்கும் மின்சாரத்தை நம்பித்தான். முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட், மொத்தம் 42 வாட். 12 வோல்ட்டில் இது 3.5 ஆம்பியர். பின்விளக்கின் எர்த் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) துருப்பிடித்து மின்சாரம் குறைந்தால் கம்பி சரியாகச் சூடாகாது. மினுக்கல் மந்தமாகும், பைலட் விளக்கு மங்கும், சில நேரம் எரியவே எரியாது. ஒரு பல்பு போனாலும் இதேதான். இதை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள்: பைலட் விளக்கு எரியவில்லை என்றால் வெளியே ஏதோ பல்பு போயிருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்று. ஆக உங்கள் காரில் ஏற்கெனவே ஒரு நினைவூட்டல் உண்டு. அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இதைக் கண்டுபிடிக்க மகளையே கூப்பிடுங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு இண்டிகேட்டரை இயக்குங்கள். இரண்டு பேருக்கும் கேட்கிறதா? யாருக்கும் கேட்கவில்லை என்றால் பிளாஷர் மாறியிருக்கிறது. இடையில் யாரோ சத்தமில்லாத எலக்ட்ரானிக் பிளாஷரைப் போட்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் கேட்டு, எஞ்சினைப் போட்டதும் மறைந்தால், எஞ்சின் சத்தம் அதை விழுங்குகிறது என்று பொருள். மகளுக்குக் கேட்டு உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், ஐயா, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. வயதோடு வரும் கேட்கும் குறைவு முதலில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான் கொண்டுபோகும். பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும், மெல்லிய டிக் மட்டும் போய்விடும். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும் நம் நாட்டில் ஓட்டுநர் உரிமம் உண்டு, அதனால் இந்தச் சோதனையால் உரிமம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் பஸ்ஸர் வாங்கும்போது இந்த விவரம் மிகவும் முக்கியம். பைக்குகளில் மாட்டும் சிறிய பீசோ பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சொலி எழுப்புபவை. உங்கள் காது எந்த இடத்தில் மங்கியிருக்கிறதோ, பெரும்பாலும் அதே இடம். கூட வருபவருக்கு எரிச்சலூட்டும் சத்தம், ஓட்டும் உங்களுக்குச் சரியாகக் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் தீரும் என்று மெக்கானிக் சொல்வார். தீராது. சத்தத்தின் தன்மையை மாற்ற வேண்டும். 400 ஹெர்ட்ஸ் அளவில் 'கர்ர்' என்று ஒலிக்கும் பழைய பாணி 12 வோல்ட் பஸ்ஸர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

இணைப்பதற்கு முன்

பிளாஷரையும் பல்பு ஹோல்டர்களையும் எர்த் இணைப்புகளையும் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நான்கு விளக்கு ஹோல்டர்களையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்தில் துருவை நீக்கி இறுக்கினாலே, பைலட் விளக்கு முன்பு எரிந்த அளவுக்கு எரியத் தொடங்குவதை நிறைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். கைப்பிடி தானாகத் திரும்பும் அமைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்போதோ ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி சற்றுத் தள்ளி மாட்டியிருந்தால், ஒரு பக்கம் மட்டும் அணையும், மறுபக்கம் அணையாது. உங்கள் வண்டியில் இடது பக்கத்தில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் இதுவே காரணமாக இருக்கலாம்.

அப்புறம், எதையும் வாங்குவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். அதன் எந்த முனை சேசிஸுடன் இணைந்திருக்கிறது? அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பல வண்டிகளைப் பின்னால் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள், அதை எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பல்புக்கு எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பது பொருட்டில்லை. பஸ்ஸருக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுக்கும், எலக்ட்ரானிக் பிளாஷருக்கும் அது உயிர். கீழே நான் சொல்லும் இணைப்பு நெகட்டிவ் எர்த் வண்டிக்கு. உங்களுடையது பாசிட்டிவ் எர்த் என்றால் டயோடையும் பஸ்ஸரையும் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் சொல்லும் இணைப்பு

இண்டிகேட்டர் போட்டவுடன் கத்தும் பஸ்ஸர் வைப்பது எளிது. அதோடு வாழ்வது கடினம். லட்சுமி மில் சந்திப்பில் வலது பக்கம் திரும்ப ஒன்றரை நிமிடம் காத்திருக்கும்போது முழு நேரமும் அது ஒலித்தால், இரண்டாவது வாரத்தில் நீங்களே ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள். அப்படிப் பிடுங்கி விடப்பட்ட பஸ்ஸர்கள் டேஷ்போர்டுக்குப் பின்னால் தொங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். நினைவூட்டல் தேவையான நேரத்தில் மட்டும் ஒலிக்க வேண்டும்.

அதற்கு ஒரு பழைய, அழகான வழி இருக்கிறது. பஸ்ஸரின் பாசிட்டிவ் ஒயரை ஒரு டயோடு வழியாக பிளாஷரின் பைலட் முனையில் இணையுங்கள். நெகட்டிவ் ஒயரை எர்த்தில் கொடுக்காமல், பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரில், பிரேக் ஸ்விட்சுக்கு அப்பால், இணையுங்கள்.

என்ன நடக்கும்? பிரேக்கை மிதிக்காதபோது பிரேக் விளக்கின் இழை வழியாக பஸ்ஸருக்கு எர்த் கிடைக்கும். பஸ்ஸர் இழுப்பது 20, 30 மில்லி ஆம்பியர்தான். அந்தச் சிறு மின்சாரத்தில் 21 வாட் பிரேக் பல்பு எரியாது, பஸ்ஸர் மட்டும் ஒலிக்கும். நீங்கள் பிரேக்கில் கால் வைத்துச் சிக்னலில் நிற்கும்போது அந்த ஒயரில் 12 வோல்ட் வந்துவிடும். பஸ்ஸரின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ். அதனால் மௌனம். பைலட் முனை அணையும் நொடியில் மின்சாரம் தலைகீழாக ஓடாமல் தடுப்பதற்குத்தான் அந்த டயோடு. 1என்4007 என்று கேட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

இதன் பலன் பாருங்கள்: சிக்னலில் அமைதி, திரும்பும்போது பிரேக்கில் இருக்கும் வரை அமைதி, திரும்பி முடித்து வேகம் எடுக்கும்போது இண்டிகேட்டர் இன்னும் எரிந்தால் மட்டும் 'கர்ர், கர்ர்'. அன்றைக்கு அவிநாசி சாலையில் இது இருந்திருந்தால், ஓரம் மாறிய சில வினாடியிலேயே உங்கள் கை கைப்பிடிக்குப் போயிருக்கும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய வண்டிகளில் பிரேக் விளக்கு ஸ்விட்ச் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் இயங்குவதாக இருந்தால், லேசாகத் தொட்டால் போதாது, கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டுக் காலை எடுத்தால் பஸ்ஸர் ஒலிக்கும். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே இழையைப் பகிர்ந்துகொள்ளும் 1950-களின் சில மாடல்களுக்கு இந்த இணைப்பு பொருந்தாது. பிரேக் பல்புகளை எல்.இ.டி. ஆக்கினாலும் இந்த வழி சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் பஸ்ஸருக்கு எர்த் தரும் இழை அங்கே இருக்காது. உங்கள் பிளாஷரில் பைலட் முனையே இல்லை என்றால், இடது விளக்கு ஒயரிலிருந்து ஒன்று, வலது விளக்கு ஒயரிலிருந்து ஒன்று என இரண்டு டயோடுகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்து பஸ்ஸருக்குக் கொடுக்கலாம். டயோடு இல்லாமல் இரண்டு ஒயரையும் நேரடியாக முறுக்கிவிட்டால், எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு விளக்கும் சேர்ந்து மினுக்கும். அது இப்போதைய நிலையைவிட ஆபத்து.

ஒயர் நிறங்கள் எலக்ட்ரீஷியனுக்கு உதவும். பிரிட்டிஷ் முறைப்படி இடது இண்டிகேட்டர் பச்சையில் சிவப்புக் கோடு, வலது பச்சையில் வெள்ளைக் கோடு, பைலட் விளக்கு இளம்பச்சையில் ஊதாக் கோடு. ஆனால் அறுபது வருட வண்டியில் எத்தனை கை பட்டிருக்கிறதோ. நிறத்தை நம்பி வெட்டாமல் டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொன்றையும் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். வெட்டவே வேண்டாம் என்பது என் விருப்பம். அந்தக்கால புல்லட் கனெக்டர்களில் கூடுதல் ஒயர் சேர்க்கும் இணைப்பான்கள் இன்றும் கிடைக்கின்றன. பஸ்ஸர் ஒயரில் 1 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளைப் போல ஒவ்வொரு சுற்றுக்கும் பியூஸ் அந்த நாளில் கிடையாது, தேய்ந்த ஒரு ஒயர் பாடியில் உரசினால் புகை வந்த பிறகுதான் தெரியும்.

காதுச் சோதனையில் குறைவு தெரிந்தால் கண்ணுக்கும் ஒன்று வையுங்கள். ஒரு அம்பர் எல்.இ.டி.யை 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் பைலட் விளக்குக்கு இணையாகக் கொடுத்து, டேஷ்போர்டின் மேல்விளிம்பில் சாலையைப் பார்க்கும் கண்ணுக்குப் படும் இடத்தில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினால் போதும். துளை வேண்டாம். பஸ்ஸரே பிடிக்கவில்லை, பழைய டிக் டிக்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், 30, 40 மில்லி ஆம்பியர் இழுக்கும் சிறிய 12 வோல்ட் ரிலேயை (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பைலட் முனையில் கொடுத்து டேஷ்போர்டு தகட்டில் ஒட்டி வையுங்கள். தகடு அதிர்ந்து டிக் சத்தம் பெரிதாகக் கேட்கும். கார்களில் போடும் பெரிய ரிலே வேண்டாம், பைலட் முனை 2.2 வாட் விளக்குக்காகச் செய்தது, அவ்வளவு சுமை தாங்காது.

எல்.இ.டி. யோசனை

உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட பிரச்சினைக்கு இது மருந்தில்லை. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரம் இழுப்பதால் உங்கள் பழைய பிளாஷரின் கம்பி சூடாகாது. விளக்கு மினுக்காமல் நின்றுவிடும். அதற்காக எலக்ட்ரானிக் பிளாஷர் போடுவார்கள், டிக் சத்தமும் பல்பு போனதைச் சொல்லும் வசதியும் போய்விடும். இல்லையென்றால் மின்சாரத்தை வீணாக்குவதற்கென்றே ரெசிஸ்டர் போடுவார்கள். 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்று எரியும் நேரத்தில் 24 வாட் வெப்பத்தைக் கக்கும். ரெக்சின், பழைய ஒயர் உறை பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் பஸ்ஸர் ஒலிக்காமல் பத்து நிமிடம் ஓட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தவிர, அந்த ரிஃப்ளெக்டர்கள் இழை பல்புக்காக வடித்தவை. எல்.இ.டி. போட்டால் சில கோணங்களில் வெளிச்சம் குறைந்துபோகும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதன் பிறகு 'எதை மாற்றினாலும் குற்றம்' என்று பேச்சு பரவிவிட்டது. நீங்கள் படித்தது அதுவாக இருக்கலாம். எஞ்சின், சேசிஸ், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை போன்றவைதான் அங்கே பேசப்படுகின்றன. டேஷ்போர்டுக்குள் ஒலிக்கும் பஸ்ஸர் இவற்றில் எதையும் தொடவில்லை.

சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 102-ஆவது விதிப்படி இண்டிகேட்டர் அம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல் 120-க்கு மிகாமல் மினுக்க வேண்டும். கடிகாரம் வைத்து எண்ணிப் பாருங்கள். 60-க்குக் கீழே இருந்தால் எர்த், பேட்டரி, பிளாஷர் இந்த மூன்றில் ஒன்று மோசம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் செய்யாது, அந்த நேரத்தில் எண்ணிக்கை கொஞ்சம் குறைவது சகஜம். அதனால் எஞ்சினைச் சற்று முறுக்கி வைத்து எண்ணுங்கள். இன்னொன்று: 119-ஆவது விதி, பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரன்களையும் கடூரமான ஒலிக் கருவிகளையும் தடை செய்கிறது. தெருவே கேட்கும்படி பாட்டுப் பாடும் இண்டிகேட்டர் பஸ்ஸர்களை வாங்க வேண்டாம். உங்கள் பஸ்ஸர் காருக்குள் உங்களுக்கு மட்டும் கேட்டால் போதும்.

விண்டேஜ் பதிவு பற்றி நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். இதைக் கவனமாகப் படியுங்கள். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த வாகனங்களுக்கு அந்தப் பதிவு கிடைக்கும். உங்கள் ஹெரால்டுக்குத் தகுதி உண்டு, பஸ்ஸரால் அது கெடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. சந்தைக்கும் கோயிலுக்கும் போகும் வண்டி உங்களுடையது. அந்தப் போக்குவரத்தை நிறுத்த மனம் ஒப்பும்வரை, இப்போதுள்ள பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதே உங்களுக்கு நல்லது. அன்றைய சம்பவம் விபத்தாகியிருந்தால், தவறான சமிக்ஞை கொடுத்த உங்கள் பக்கமும் கவனக்குறைவு இருந்ததாக இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்க்க வாய்ப்புண்டு. எந்தப் பதிவும் அதிலிருந்து காப்பாற்றாது.

மகள் சொன்னது

மகள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அந்த ஸ்கூட்டரை அவர் முன்னிருக்கையிலிருந்து பார்த்திருக்கிறார். "பஸ்ஸர் வச்சாச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அவர் வாயை அடைக்க வேண்டாம். காதையும் கண்ணையும் சோதித்த முடிவை அவரிடம் காட்டுங்கள். வேலை முடிந்ததும் அவரை உட்கார வைத்து அதே அவிநாசி சாலையில், கூட்டமில்லாத ஞாயிறு காலையில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். நீங்கள் இண்டிகேட்டரை எத்தனை முறை நீங்களாக அணைத்தீர்கள், எத்தனை முறை பஸ்ஸர் சொல்லி அணைத்தீர்கள் என்று அவர் குறித்துக்கொள்ளட்டும். எப்போதாவது ஒருமுறை பஸ்ஸர் நினைவூட்டினால் அது அதன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் அதுதான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்றாலோ, பஸ்ஸர் ஒலித்தும் உங்கள் கவனத்துக்கு வரவில்லை என்றாலோ, நெரிசலான சாலைகளுக்கு மகளோ வேறொருவரோ ஓட்டட்டும். நீங்கள் உங்கள் ஊர் உள்சாலைகளில் ஓட்டுங்கள். இது இன்றோ நாளையோ எல்லோரும் எடுக்க வேண்டிய முடிவுதான். உங்கள் கடிதத்தை வைத்து, அந்த நாள் வந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

வேலை முடிந்த பிறகு எலக்ட்ரீஷியனிடம் எந்த ஒயர் எங்கே போகிறது, எர்த் பாசிட்டிவா நெகட்டிவா, பியூஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வாங்கி, பதிவுச் சான்றிதழ் நகலோடு வண்டியிலேயே வையுங்கள். எர்த் எது என்று பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பாசிட்டிவ் எர்த் என்றால் டயோடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று படம் போட்டு அனுப்புகிறேன்.